ஊர் என்ற கட்டம்

எங்கள் ஊர் முதன்முதலாகக் கண்டத்தின் வரைபடத்தில் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அதுவரை பேருந்துப் பலகையில்கூட அதன் பெயரை எழுத மாட்டார்கள். அடுத்த ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டு, "வழியில இறக்கி விடுறோம், ஏறு" என்பார்கள். இப்போது ஆய்வகத்தின் பெரிய திரையில், பதினொரு நாடுகளுக்கு நடுவில், சிவப்பு வட்டமாக நின்றது.

அங்கிருந்து வந்ததாகப் பதிவான முப்பத்தொரு மாதிரியை வைத்து, புது வகை வைரஸ் அங்கேதான் பிறந்தது என்று அந்த வட்டத்துக்கு அர்த்தம்.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் காரணமும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று "எந்த ஊர்?" என்று கேட்டவர்களிடம் மாவட்டத் தலைநகரின் பெயரைச் சொல்லியிருந்தேன். பொய்தான். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்கு ஊரைப் பற்றி ஒரு அக்கறையும் கிடையாது. ஆளை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர் என்றால் கல்குவாரி, கல்குவாரி என்றால் இன்னார் இன்னார் என்று அவர்களே முடித்துவிடுவார்கள். அப்புறம் நான் எது பேசினாலும், "பரவாயில்லையே, நல்லா பேசுறியே" என்பார்கள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இந்தப் பாராட்டையெல்லாம் கல்லூரியிலேயே போதும் போதும் என்கிற அளவுக்கு வாங்கியாயிற்று.

ஆய்வகத்தில் என்ன செய்கிறோம் என்று அம்மாவுக்கு நான் சொன்ன மாதிரியே சொல்லிவிடுகிறேன். வைரஸுக்கு உடம்பு முழுக்க எழுத்துதான், முப்பதாயிரம் எழுத்து. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும்போது தன்னையே நகலெடுக்கும். நகலெடுக்கையில் மாதத்துக்கு இரண்டு எழுத்துப்பிழை விடும். அந்தப் பிழைகளைப் பிடித்துக்கொண்டே போனால் எது எதிலிருந்து வந்தது என்று வம்சமரம் வரைந்துவிடலாம். மூக்கிலிருந்து குச்சியில் எடுத்த மாதிரியோடு ஒரு படிவமும் வரும். வயது, தேதி, இடம். படிவங்களைக் கணினியில் ஏற்றி எழுத்துகளோடு சேர்ப்பது என் வேலை. அதை வைத்து மரம் வரைவது மரத்தண்ணன் வேலை. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு நாட்டிலும் உள்ள ஆய்வகங்கள் தங்கள் மரங்களைக் கண்டத்துக்கான மையத்துக்கு அனுப்பும். மையம் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே வரைபடமாக்கும். அரசாங்கங்கள் அதைப் பார்த்துத்தான் சாலையை மூடும், திறக்கும்.

பத்தரைக்கு அக்கா போன் பண்ணினாள். அவள் இதே நகரத்தின் மறுகோடியில் ஐஸ் கம்பெனியில் இருக்கிறாள். உண்மையில் அது இறைச்சியை உறையவைத்துப் பெட்டி போடுகிற குளிர்கிடங்கு. எங்கள் ஊரிலிருந்து மட்டும் தொண்ணூறு பேர் அங்கே வேலை செய்கிறார்கள், ஒரு கூடத்துக்குப் பதினாறு கட்டில்.

"ஏண்டி, நம்ம ஊர்ல புதுசா வியாதி கண்டுபிடிச்சிருக்காங்களாமே? நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"நானே இப்பதான்க்கா பாத்தேன்."

"நல்லா பாத்த போ. மேனேஜர் வந்து, உங்க ஊர்ச் சரக்கு, நீங்களே எடுத்துட்டுக் கிளம்புங்கன்னு சொல்லிட்டான். பதினொன்றரைக்கு ஒரு பஸ், நாளைக்குக் காலையில ஒண்ணு. முத பஸ்ல நான்."

"போகாதக்கா. கொஞ்சம் பொறு."

"எங்க பொறுக்கிறது? கட்டில எடுத்து முத்தத்துல போட்டுட்டாங்க. உன் ரூம்ல இடம் இருக்கா, சொல்லு, வரேன்."

என் அறையில் நாங்கள் மூன்று பேர். "அது வந்து..." என்று இழுத்தேன்.

"அப்ப சும்மா இரு" என்று வைத்துவிட்டாள்.

கம்பெனி ஆட்கள் பலர் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவர்களோடு ஒரே கூடத்தில் படுத்தவர்கள்தான் இந்தப் பஸ்ஸில் ஏறப்போகிறவர்கள். ஊரில் அம்மா இருக்கிறாள். இருபத்திரண்டு வருஷம் கல் உடைக்கிற கிரஷரில் நின்று நெஞ்சு முழுக்கக் கல்தூசி. சாதாரணச் சளி பிடித்தாலே உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். "இவங்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்தா அவ்வளவுதான்" என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்.

ஆனால் ஊரில்தான் ஏற்கெனவே வியாதி என்கிறதே வரைபடம்? அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஊர்ல யாருக்காவது காய்ச்சலாம்மா?"

"எல்லாம் குத்துக்கல்லாட்டம்தான் இருக்குதுங்க. ஏன்?"

"மூக்குல குச்சி விட்டு டெஸ்ட் எடுக்க யாராவது வந்தாங்களா?"

"இங்கயா? ஓட்டுக் கேக்கவே ரோட்டுல நின்னு கைய ஆட்டிட்டுப் போறவனுங்க. இவனுங்க வீடு வீடா வந்து மூக்கப் புடிப்பானுங்களா? நீ சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா" என்று வைத்துவிட்டேன். யாரும் மாதிரியே எடுக்காத ஊரிலிருந்து முப்பத்தொரு மாதிரி எப்படி வரும்?

மாதிரிகளை அடுக்கி அனுப்பிய தட்டுகளின் எண்களைத் தேடினேன். முப்பத்தொன்றும் ஒரே முகாம். ஐஸ் கம்பெனியின் பின்வாசலில் போட்ட கூடாரம். படிவங்களின் நகலைத் திறந்தேன். வயது, தேதி. அதற்குக் கீழே சின்னதாக ஒரு கட்டம்: 'ஊர்'. அதில் நர்ஸின் சாய்ந்த கையெழுத்தில் எங்கள் ஊர்ப் பெயர். அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

அந்தக் கட்டத்தை வரைந்தவள் நான்.

மையத்திலிருந்து வந்த மூலப் படிவத்தில் அந்த இடத்தில் 'மாதிரி எடுக்கப்பட்ட நேரத்தில் நபர் வசித்துவந்த இடம்' என்று இருந்தது. கட்டத்துக்குள் அடங்கவில்லை. பிளாஸ்டிக் அங்கிக்குள் வேர்த்து ஊற்றுகிற நர்ஸுகள், "இத வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆளு போயிடுறான்" என்று திட்டினார்கள். நான் ஒரு மத்தியானம் உட்கார்ந்து படிவம் முழுவதையும் மாற்றினேன். ஆறு சொல்லை ஒரு சொல்லாக்கினேன். ஊர். டைரக்டர் மேடம் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். நன்றாக இருக்கிறது என்று நாட்டின் மற்ற நான்கு ஆய்வகங்களும் அதையே எடுத்துக்கொண்டன.

பத்து வருஷமாக வெளியில் வேலை செய்கிற ஒருவனிடம் போய் "எந்த ஊரு?" என்று கேட்டால் எதைச் சொல்வான்? பிறந்த ஊரைச் சொல்வான். பிழைக்க வந்த இடத்தை யாராவது ஊர் என்பார்களா? ஐஸ் கம்பெனி ஊரா? பதினாறு கட்டில் போட்ட கூடம் ஊரா? இந்தப் பிழையை என்னைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவள், அந்தப் பதிலைச் சொல்லக் கூசிப் பொய் சொன்னவள், நானே இந்த நான்கு மாதத்தில் அந்தக் கேள்வியை ஆறாயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன்.

மரத்தண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, அந்தச் சிவப்புக் கிளையப் பெருசாக்குங்க."

ஆக்கினார். முப்பத்தொரு இலை. அதில் இருபத்தேழு, எழுத்துக்கு எழுத்து ஒன்று.

"ஊர் முழுக்கப் பரவியிருந்தா பிழை இப்படியா இருக்கும்?" என்றேன்.

தாடையைச் சொறிந்தார். "இருக்காது. இங்கொண்ணு அங்கொண்ணு சிதறியிருக்கும். இது ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. எல்லாருக்கும் ஒரே இடத்துல, ஒரே வாரத்துல புடிச்சிருக்கு."

"நேத்தே தெரியுமா உங்களுக்கு?"

"உறுத்துச்சு. ஆனா இடம்னு நீ ஒண்ணு குடுத்திருந்தியே. நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அது ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. படிவத்தைக் காட்டினேன். ஒரு நொடி சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இங்க பாரு. முப்பத்தொண்ணையும் கமுக்கமா மாத்தி வெச்சிடலாம். அடுத்த பதிப்புல படம் தானா சரியாகிடும். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"அடுத்த பதிப்பு எப்ப?"

"ரெண்டு வாரம்."

"கம்பெனி ஆளுங்கள ஏத்துன பஸ் அஞ்சு மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்துடும்ணே. வியாதி இல்லாத ஊருக்கு வியாதிய ஏத்தி அனுப்புறாங்க. நாம சொன்னதாலதான் அனுப்புறாங்க."

அவர் திரையில் சிவப்புக் கிளையை மூடினார். பிறகு, "அப்ப திரும்பப் பெறுற கடிதம்தான். அதுக்கு மேடம் கையெழுத்து வேணும். காரணமும் எழுதணும்" என்றார்.

மேடத்துக்குக் கூட்டம். ஒன்றரை மணி வரை வாசலில் நின்றேன். இந்த மாதிரி நேரங்களில் நான் பொதுவாக யாரையாவது மனசுக்குள் திட்டிக்கொண்டிருப்பேன். அன்றைக்குத் திட்ட ஆள் கிடைக்கவில்லை.

மேடம் கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை.

"சரி. முப்பத்தொரு பதிவைத் திரும்பப் பெறுறோம். காரணம், பதிவேற்றப் பிழை. போதும். கொண்டா, கையெழுத்துப் போடுறேன்."

"முப்பத்தொண்ணு இல்ல மேடம். நாலு மாசமா இதே படிவம்தான். வெளியிலேருந்து வேலைக்கு வந்தவங்க எல்லாருக்கும் இப்படித்தான் ஏறியிருக்கும். நம்மகிட்டயே ஆறாயிரத்துக்கு மேல. மத்த நாலு ஆய்வகம் தனி."

"அது உன் யூகம்."

"யூகம் இல்ல."

"அவங்க எல்லாரும் இப்படித்தான் பதில் சொல்லியிருப்பாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊர்ல எவனைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவான்."

"எங்க ஊர்னா? நீ டவுன் பொண்ணுதானே?"

"இல்ல மேடம். அந்தச் சிவப்பு வட்டத்துக்காரி. சேரும்போது பொய் சொன்னேன்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏன்?"

"நீங்க கேட்ட விதம் அப்படி."

மரத்தண்ணன் வாசலில் நின்று தேவையில்லாமல் இருமினார்.

"நான் எல்லாரையும்தான் கேப்பேன்" என்றார் மேடம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எல்லாரும்தான் கேக்குறாங்க மேடம்."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார். "ஆறாயிரம்னு எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சியா? நாலு மாசமா நாம சொன்ன எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. உண்மையா சொன்னதையும். வைரஸே பொய்னு சொல்றவன் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கான். அவன் கையில இத நீயே எடுத்துக் குடுக்கிற."

இதுதான் எனக்குக் கஷ்டம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது சுலபம். நின்றபடியே யோசித்தேன். இந்த வைரஸை நாங்கள் பின்தொடர முடிவதே அது தன் பிழையை மறைக்காததால்தான். ஒரு எழுத்துத் தப்பினால் அதைப் பிள்ளைக்கும் பேரனுக்கும் அப்படியே கொடுத்துவிட்டுப் போகிறது. அழித்து எழுதியிருந்தால் மரமே வரைந்திருக்க முடியாது. நாங்கள் மட்டும் முப்பத்தொன்றைத் திருத்திவிட்டு மிச்சத்தை மூடி வைத்தால், மூடி வைத்ததன் மேல் அடுத்த வரைபடம் ஏறும். அதன் மேல் அடுத்த பஸ்.

இவ்வளவையும் அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை. "சந்தேகப்படட்டும் மேடம். தப்பா நம்புறதுக்கு அது தேவலை" என்றேன்.

"உன் ஒப்பந்தம் ரெண்டு மாசத்துல முடியுது."

"தெரியும்."

"நீயே எழுது. உன் பேர்ல எழுது. கீழ நான் போடுறேன்."

எழுதினேன். 'ஊர் என்ற சொல்லால் பிறந்த இடம் பதிவாகியுள்ளது. மாதிரி எடுத்த இடம் பதிவாகவில்லை. சொல்லைத் தேர்ந்தெடுத்தது நான். நான்கு மாதப் பதிவுகளிலும் இடத்தை நம்ப வேண்டாம்.' மேடம் ஒரு சொல்லையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். இரண்டு இருபதுக்கு மையத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் போயிற்று. நாளைய பஸ்ஸை நிறுத்திவிட்டோம் என்று துறையிலிருந்து அரை மணியில் பதில் வந்தது. இன்றைய பஸ்?

"அது கிளம்பிடுச்சேம்மா. நடுவழியில போய் நாங்க என்ன மறியலா பண்றது? மாவட்டத்துக்குச் சொல்றோம்" என்றார் போனில் இருந்தவர்.

அக்கா நான்காவது அழைப்பில்தான் எடுத்தாள். பின்னால் எஞ்சின் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை.

நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப ஊர்ல வியாதி இல்ல."

"இல்லக்கா."

"நாங்கதான் கொண்டு போறோம்."

"இருக்கலாம். யாருக்கு இருக்குன்னு இப்பத் தெரியாது."

"இத நான் சொன்னா பஸ்ல எவன் நம்புவான்? நீயே சொல்லு." போனை ஒலிபெருக்கியில் போட்டாள் போலிருக்கிறது. சத்தம் திடீரென்று அகலமாயிற்று.

ஒரு ஆண் குரல்: "யாரு, கிரஷர்க்காரம்மா சின்னப் பொண்ணா? படிச்ச புள்ளையா?" கம்பெனியில் கிரேன் ஓட்டுகிற அண்ணன். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் விட்டவர்.

"ஆமாண்ணே. நான்தான்."

சொன்னேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"ஊருன்னு கேட்டா ஊரத்தானேம்மா சொல்லுவோம்!" என்றார் கிரேன் அண்ணன். "இதுல நாங்க என்ன தப்பு பண்ணோம்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. அந்தக் கேள்விய எழுதினது நான். இப்ப ஊருக்குள்ள மட்டும் இறங்கிடாதீங்க."

அப்புறம் வசவு. இங்கே எழுத முடியாத வசவு. படிச்ச கொழுப்பு என்றார்கள். ஊரை வித்துட்டா என்றார்கள். நான் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கத்தினாள்: "என் புள்ளையப் பாத்து ஏழு மாசமாச்சு. இறங்காதன்னு சொல்ல நீ யாருடி?"

அக்காதான் பேசினாள்.

"அவ யாருமில்ல, விடு. நான் கேக்கிறேன். எங்கம்மாவுக்கு நெஞ்செல்லாம் கல்லு. உன் மாமனாருக்கு? அண்ணே, உங்கப்பாவுக்கு? நம்ம தெருவுல கிரஷர்ல நிக்காத நெஞ்சு எதுன்னு ஒண்ணு காட்டுங்க, நான் வழி விடுறேன். டிரைவரே, ஊருக்கு முன்னாடி பழைய லாரி ஷெட் வரும். அங்க நிறுத்துங்க."

போன் அறுந்துவிட்டது. அப்புறம் பத்தொன்பது நாள் அவள் என் அழைப்பை எடுக்கவில்லை.

நடந்ததெல்லாம் அம்மா மூலமாகத் தெரிந்துகொண்டேன். நாற்பத்திரண்டு பேரும் ஷெட்டில் இறங்கினார்கள். கிரேன் அண்ணன்தான் முதலில் இறங்கிப் பாயை விரித்தாராம். வீட்டு ஆட்கள் சாப்பாட்டைச் சாலையில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். ஏழு மாதம் பிள்ளையைப் பார்க்காதவள், அறுபது அடிக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளையைத் தினமும் பார்த்து அழுதாள். பன்னிரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. கிரேன் அண்ணனுக்கு மூச்சுத் திணறியது ஒன்பதாம் நாள். ஆம்புலன்ஸ் வர நான்கு மணி நேரம் ஆயிற்று. அவர் ஷெட்டிலேயே போய்விட்டார்.

ஊருக்குள் ஒருவருக்கும் வரவில்லை.

மரத்தண்ணன் புதிதாக மரம் வரைந்தார். சிவப்பு வட்டம் நகரத்துக்கு, ஐஸ் கம்பெனிக்கு மேலே நகர்ந்தது. அந்தக் கிளையின் அடி, மூன்று நாடு தள்ளி ஒரு துறைமுகத்தில் போய் நின்றது. அங்கிருந்து குளிர்பதன இயந்திரத்தைப் பழுதுபார்க்க நான்கு பேர் வந்து, நல்ல ஹோட்டலில் தங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களை யாரும் எந்த ஊர் என்று கேட்டு மூட்டை கட்ட வைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்ட பத்திரிகைகள் திருத்தத்தை எறும்பு எழுத்தில் போட்டன. ஜனங்கள் அந்த வைரஸை இன்னும் எங்கள் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். அதைத் திரும்பப் பெற ஒரு கடிதமும் கிடையாது.

மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆறாயிரம் பேரின் தொலைபேசி எண்களை மேசையில் வைத்தார். தினமும் எண்பது பேரை அழைக்கிறேன். "மூக்குல குச்சி விட்ட அன்னிக்கு ராத்திரி எங்க படுத்திருந்தீங்க?" இப்படிக் கேட்டால் யாரும் தப்பாகச் சொல்வதில்லை. இரண்டு மாதத்தில் முடியாது என்று மேடத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஷெட்டிலிருந்து வீட்டுக்குப் போன மறுநாள் காலை அக்கா போன் பண்ணினாள்.

"கிரேன் அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"எப்படி இருப்பாங்க? உன் தங்கச்சி அன்னிக்குப் போன் பண்ணாம இருந்திருந்தா அவரு வீட்டுல போயிருப்பாரு, நான் கையையாவது புடிச்சிருப்பேன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன். வேற என்ன சொல்லச் சொல்ற?"

அந்தப் பக்கம் தண்ணீர் மொண்டு கால் கழுவுகிற சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை கிளம்பி வா" என்றாள். "அவங்க எதிர்ல போய் உக்காரு. திட்டினா வாங்கிக்க. போன்ல எல்லாம் வேணாம்."

"வரேன்க்கா."

"அங்க போய் மரம், எழுத்துன்னு ஆரம்பிக்காத."

"சரி."

பின்னால் அம்மா இருமினாள். வருஷக்கணக்காக இருமுகிற அதே கல்தூசி இருமல்தான். அக்கா போனை வைக்கவில்லை. நானும் வைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.